‘ம்’ கொட்டச் சொல்லிக் கொடுங்கள்

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க உட்காரும்போது “கையைக் கட்டு, வாயில விரல் வை” என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். சேலம் பொன்னம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கதை கேட்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேர், நான் புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே, யாரும் சொல்லாமல் தாங்களாகவே உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு விறைப்பாக உட்காருகிறார்கள். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் உடம்பை அசையாமல் வைத்திருப்பதே பெரிய வேலை, அதற்கு மேல் இன்னொரு வேலைக்கு இடம் இருக்காது. கண் என்னைப் பார்க்கும், முகத்தில் ஒன்றும் ஓடாது, நடுவில் நிறுத்தி “கிணத்துல யாரு விழுந்தாங்க?” என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிற பொடியன் அங்கிருந்தே “நரி!” என்று கத்துவான்.

அசையாமல் இருப்பது வேறு, கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் நாம் பிள்ளைகளைப் பழக்குகிறோம், அப்புறம் “எங்க பையன் ரெண்டு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறாங்க, நீங்க எப்படி உட்கார வைக்கிறீங்க?” என்று அம்மாக்கள் வந்து கேட்கிறார்கள். நான் உட்கார வைப்பதில்லை. கேட்பதையே பிள்ளைக்கு ஒரு வேலையாகக் கொடுக்கிறேன், அந்த வேலை நடக்கிறதா என்று என் காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்கிறேன். சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2021-ல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். வந்ததெல்லாம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அவர்களோடு இடுப்பிலும் கையைப் பிடித்துக்கொண்டும் வந்த தம்பி தங்கைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் கணக்குப் போடும்போது அவர்களைச் சமாளிக்க வாசித்ததுதான் முதல் கதை. இப்போது சனிக்கிழமை முழுக்க முழுக்க அந்தச் சின்னவர்களுக்குத்தான்.

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை முடிந்து, சாப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கம்பளிக்குள் நாங்கள் எல்லாரும் படுத்த பிறகுதான் கதை ஆரம்பிக்கும். ஒரே நிபந்தனை, ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வரவில்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். திட்ட மாட்டார், எழுப்ப மாட்டார், சும்மா இருப்பார். அந்த அமைதி தாங்காமல் யாராவது ஒருத்தர் “ம், ம், சொல்லு அம்மாயி” என்போம். இருட்டில் எங்கள் முகம் தெரியாது, ஆனாலும் அந்த ஒற்றைச் சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பயந்து போன ‘ம்’ வந்தால் பேயைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார். இழுத்த ‘ம்’ வந்தால் கதையில் ஒரு திருட்டு நடக்கும். வெறும் பழக்கத்தில் வருகிற ‘ம்’ வந்தால் குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், “அப்புறம் அந்த ராஜா குதிரையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தாரு” என்பார். அதற்கும் “ம்” என்றோமோ, மாட்டிக்கொண்டோம். “என்னது, குதிரையவா?” என்று எழுந்து உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு தூங்கவே மாட்டாள்.

தமிழ்நாட்டில் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் இது புதிதில்லை. ஆனால் கதை புத்தகத்துக்குள் போனதும் இதை விட்டுவிட்டோம். வாசிக்கிறவரின் கண் பக்கத்தில் இருக்கிறது, வாய் வரிகளை ஒப்பிக்கிறது, எதிரே இருக்கிற பிள்ளை கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் வைத்துக்கொள்வதில்லை. கடைசிப் பக்கத்தில் கேள்வி கேட்டுப் பார்க்கும்போதுதான் பாதியிலேயே பிள்ளை எங்கோ போய்விட்டது தெரிகிறது.

அதனால் நான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ‘ம்’ கொட்டத்தான். ஒரு வாக்கியம் வாசிப்பேன், தலையை நிமிர்த்திப் பார்ப்பேன், காத்திருப்பேன். ‘ம்’ வந்தால்தான் அடுத்த வாக்கியம். எல்லாரையும் சொல்லச் சொன்னால் அது உடனே பள்ளிக்கூடத்து “எஸ் மிஸ்” ஆகிவிடுகிறது, கூட்டமாக ராகம் போட்டுக் கத்துகிறார்கள். எனவே ஒரு கதைக்கு ஒரு ஆள். “இன்னைக்கு ‘ம்’ உன்னோடது கண்ணு” என்று ஒருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் ‘ம்’ சொல்லவில்லை என்றால் கதை நகராது, மற்ற எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். இதில் என்ன அழகு என்றால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று புரிந்துவிடுகிறது. ‘ம்’ சொல்லாமல் நிறுத்தி, “இரு இரு, அந்தக் கோழிக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்கிறாள். இந்தக் கேள்வி வருகிறதென்றால் அவள் கேட்கிறாள் என்று அர்த்தம். பதில் எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், “தெரியலையே, பாக்கலாமா?” என்று பக்கத்தைத் திருப்புவேன். பழக்கத்துக்கு ‘ம்’ சொல்கிற பிள்ளைகளுக்கு அம்மாயியின் குதிரை இன்றும் வேலை செய்கிறது. ஆனால் எல்லாக் கதையிலும் அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் பொய்யைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இங்கே சத்தம் எப்படி என்று தெரியும். காலையிலிருந்து இரவு வரை விசைத்தறி ஓடுகிற தெருக்கள். தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே வாயைக் காதோரம் கொண்டு போக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இயல்பாகவே உரத்துப் பேசுகிறார்கள், அதைவிட முக்கியமாக, எந்தச் சத்தத்தையும் கண்டுகொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அது அவர்களுக்குத் தேவைப்படுகிற திறமை. இல்லாவிட்டால் அந்த இரைச்சலில் தூங்கவே முடியாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் நாமும் உரக்க வாசித்தால் நம் குரலும் இன்னொரு தறிச் சத்தம்தான்.

ஆகவே குரலைத் தாழ்த்துங்கள். கூட்டத்தில் சலசலப்பு வந்தால் பெரும்பாலானவர்கள் குரலை உயர்த்துகிறார்கள், நான் ஒரு படி கீழே இறக்குவேன், பிள்ளைகள் முட்டிபோட்டு முன்னால் நகர்ந்து வருவார்கள். உட்காருகிற இடமும் முக்கியம். பிள்ளைகளின் முதுகு தெருவைப் பார்த்து இருக்கட்டும், வாசிக்கிறவரின் முகத்தில் வெளிச்சம் விழட்டும். சின்னப் பிள்ளைகள் காதால் மட்டும் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தும் கேட்கிறார்கள், புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டால் பாதி போய்விடும். கரண்ட் போய்த் தறி நிற்கிற நாள் கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். அப்போது மிக நீளமான கதையை எடுப்பேன்.

இனி, நம் மொழிக்கே உள்ள ஒரு சிக்கல். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. “மரத்தின் மீது அமர்ந்திருந்த காகம் சிறுவனை நோக்கிக் கூறியது” என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இந்தப் பிள்ளை கேட்பது “மரத்து மேல உக்காந்திருந்த காக்கா அந்தப் பையனப் பாத்துச் சொல்லுச்சு”. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த எழுத்து வாக்கியத்தில் பிடிபடுவது ‘மரம்’ ஒன்றுதான். மீது, அமர்ந்து, காகம், சிறுவன், நோக்கி, கூறியது எல்லாம் முதல்முறை கேட்கிற சத்தங்கள். இப்படி நாலு வாக்கியம் வந்தால் அந்தப் பிள்ளை எழுந்து போகத்தான் செய்யும். நாம் அதைக் கவனக் குறைவு என்கிறோம்.

எங்கள் திண்ணையில் இன்னொரு அடுக்கும் உண்டு. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் சௌராஷ்டிரம் பேசுகிற நெசவாளர் குடும்பங்கள் நிறைய, தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் பேச்சுத் தமிழ், புத்தகத்தில் எழுத்துத் தமிழ். கதையில் காக்கா வந்ததும் “உங்க வீட்ல காக்காவுக்கு என்ன சொல்வீங்க?” என்று கேட்பேன். சொல்வார்கள், மற்றவர்கள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள், அன்று முழுக்க அந்தக் கதையில் காக்காவுக்கு அந்தப் பெயர்தான். சொன்ன பிள்ளை அன்று கதையை விட்டு அசையாது.

நான் பின்பற்றுவது இதுதான். ஒரு புத்தகத்தை முதல்முறை எடுக்கும்போது படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவேன். அடுத்த வாரம் கதை சொல்லும் பகுதியைப் புத்தகத்தில் உள்ளபடி, ஆட்கள் பேசுகிற இடத்தைப் பேச்சில். அதற்கடுத்த முறை முழுக்கப் புத்தகத்தில் உள்ளபடி. மூன்றாவது முறை “கூறியது” என்று வாசிக்கும்போது அதற்கு அர்த்தம் கேட்பவர்கள் யாருமில்லை, கதை எங்கே போகிறதென்று தெரிந்திருப்பதால் சொல் தானாக உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் நிறுத்தி “கூறியதுன்னா சொன்னதுன்னு அர்த்தம்” என்று விளக்காதீர்கள், கதையின் ஓட்டம் அறுந்துவிடும். சில அப்பாக்கள் “புத்தகத்துல இருக்கிற மாதிரியே வாசிங்க, அப்பதான் நல்ல தமிழ் வரும்” என்று சொல்கிறார்கள். நானும் அங்கேதான் போகிறேன், ஆனால் பேச்சு வழியாகப் போகிறேன். எழுத்துத் தமிழின் ஓசை காதில் விழாமலே ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குப் பாடப் புத்தகம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதனால் கடைசிப் படியை விட்டுவிடக் கூடாது.

ஒரே புத்தகத்தை இத்தனை முறையா என்று கேட்பீர்கள். பிள்ளைகளே கேட்கிறார்கள். “நேத்து படிச்சதுதானே, வேற படிக்கலாம்” என்று சொல்வது பெரியவர்கள்தான். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-ல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், இன்னொரு பகுதியினருக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஆனாலும் ஒரே கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை தெரிந்துவிட்டால் கவனம் மிச்சமாகிறது, அந்த மிச்சம் சொல்லின் மேல் போகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். தெரிந்த கதை என்றால் இன்னொரு வசதியும் உண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பார்த்தால் போதும், பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். ‘ம்’ கொட்டுவதிலிருந்து அடுத்த படி அது.

எந்த வயதில் தொடங்கலாம் என்று கர்ப்பமாக இருக்கிற பெண்கள்கூடக் கேட்கிறார்கள். இப்போதே தொடங்கலாம். 1986-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிரசவத்துக்கு முந்தைய கடைசி 6 வாரங்கள் தாய்மார்களை ஒரே கதைப் பகுதியைத் தினமும் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைகள், புதிய பகுதியைவிட அந்தப் பழகிய பகுதியைக் கேட்பதற்காக வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன. ஒரு வயதுக்குள் வாசிப்பது வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வயதுக் குழந்தை புத்தகத்தை வாயில் வைக்கும், பக்கத்தைக் கிழிக்கும், பரவாயில்லை.

கைக்கு வேலை கொடுங்கள். என்னிடம் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை எப்போதும் இருக்கும் (மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை, வாயில் போட்டுக்கொள்வார்கள், மூக்கிலும்). கதையில் யானை வரும்போதெல்லாம் ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். கதை முடிந்ததும் எண்ணுவோம். ஒருத்தரிடம் ஒன்று குறைந்திருந்தால் எந்த யானை விட்டுப்போனது என்று எல்லாரும் சேர்ந்து மறுபடி தேடுவார்கள், அதாவது மறுபடி வாசிக்கச் சொல்வார்கள். இன்னும் சிலருக்கு வேலை எதுவும் வேண்டாம், நடமாட விட்டாலே போதும். எங்கள் வாசல் கேட்டில் தொற்றிக்கொண்டு ஆடியபடியே கேட்கிற பெண் குழந்தை ஒன்று உண்டு. ஒருநாள் நேரமாகிவிட்டதே என்று ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனேன். கேட்டின் கிறீச் சத்தம் நின்றது. “அக்கா, பாட்டி சோறு போட்டது வரல” என்றாள்.

கேள்வி கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல மனதோடு நிறையப் பேர் கதையைக் கெடுக்கிறார்கள். கதை முடிந்த மறு நொடியே “இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள், “பொய் சொல்லக் கூடாது”. கதையில் பொய்யே இல்லாவிட்டாலும் இதே பதில்தான் வரும். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை கதையைக் கேட்காது, பதிலைத் தேடிக்கொண்டிருக்கும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வேறு மாதிரி கேட்கலாம். 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரின் குழு, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தது. ஆம், இல்லை என்று முடிகிற கேள்விகளைக் குறைத்து, “இது என்ன பண்ணுது?” என்று பிள்ளையைப் பேசவைக்கிற கேள்விகளைக் கேட்பது, பிள்ளை சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்துக் கேட்ட பிள்ளைகளைவிடப் பேச்சில் முந்தியிருந்தார்கள். பிள்ளை “நாய் ஓடுது” என்றால் “ஆமா, கறுப்பு நாய் பூனையைப் பாத்து ஓடுது” என்பது, அவ்வளவுதான் வித்தை. முதல்முறை வாசிக்கும்போது மட்டும் நான் எதுவும் கேட்க மாட்டேன். முதல்முறை கதை பிள்ளைக்குச் சொந்தம்.

குஜராத்தில் பாவ்நகரில் 1920-ல் பாலமந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவைப் பற்றி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்தவர், ‘மீசை வைத்த அம்மா’ என்று அன்போடு அழைக்கப்பட்டவர். பிள்ளைகளை அமைதியாக்கிவிட்டுக் கதை சொல்ல வேண்டியதில்லை, கதையை ஆரம்பித்தால் அமைதி பின்னாலேயே வரும் என்பதை அவரிடமிருந்துதான் உறுதியாகப் பிடித்துக்கொண்டேன்.

மே மாத விடுமுறையில் அம்மாயி ஊருக்குப் போகும்போது அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் வாசிப்பேன். சேலத்துப் பிள்ளைகளைப் பழகிவிட்டு அங்கே போனால் முதலில் திகைப்பாக இருக்கும். வெளியாளுக்கு அவர்கள் ‘ம்’ கொட்ட மாட்டார்கள். தலை குனிந்திருக்கும், ஒரு பையன் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். கேட்கிறார்களா என்றே தெரியாது. ஒருமுறை சிங்கமும் முயலும் வருகிற ஒரு கதையை வாசித்தேன், மறுநாள் அந்த மண் கிளறின பையன் தன் பாட்டிக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். சிங்கம் போய்க் காட்டெருமை வந்திருந்தது. காப்பித் தோட்டத்துக்குள் அடிக்கடி இறங்குகிற மிருகம் அதுதான். கிணறு போய் அவர்கள் ஊர் ஓடை வந்திருந்தது. பாட்டி ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மலையில் வாசிக்கும்போது “இது எங்க நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். குகை வந்தால் “எந்தக் குகை?” “சாமி குகைங்க!” சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற, குனிந்தே போக வேண்டிய அந்தக் குகைக் கோயில்தான், மே மாதத் திருவிழாவுக்கு எல்லாரும் மேலே ஏறிப் போய் வந்திருப்பார்கள். அதற்குப் பிறகு கதையில் நரி குகைக்குள் நுழையும்போது பிள்ளைகள் தாங்களும் தலையைக் குனிகிறார்கள். அந்த மலைக்காரர்களின் சொந்தக் கதை ஒன்று உண்டு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன், கொல்லிமலை, பச்சமலை என்று ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்று. அதைப் பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், கவனம் என்பதைப் பிள்ளைக்கு வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதே இல்லை என்று தோன்றும். தனக்குச் சம்பந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மலைப் பாதையில் புத்தகம் வேண்டாம், வாந்திதான் வரும். ஆனால் அடிவாரத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. வளைவு வந்தால் கதையை நிறுத்த வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளை சொல்ல வேண்டும், வண்டி திரும்பி முடித்ததும் கதை தொடரும். பிள்ளையோடு ஏற்காடு போகிறவர்கள் செய்து பாருங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. எல்லாம் செய்தும் ஒரு பிள்ளை கேட்கவில்லை என்றால் முதலில் காதைப் பாருங்கள். எங்கள் திண்ணைக்கு வந்த ஒரு பையன் எதைச் சொன்னாலும் “ஆங்?” என்பான், சீக்கிரம் எழுந்துவிடுவான், மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதையே செய்வான். வீட்டில் பிடிவாதம் என்று அடி வாங்கிக்கொண்டிருந்தான். மருத்துவரிடம் காட்டியபோது இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது தெரிந்தது. சளி பிடித்துவிட்ட பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது. வலி இருக்காது, சீழ் வடியாது, அதனால் யாருக்கும் தெரியாது, ஆனால் சத்தம் மங்கலாகத்தான் விழும். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், ஆகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார். எண்ணெய் ஊற்றுவது, ஊக்கு விட்டுக் குடைவது இரண்டும் வேண்டவே வேண்டாம். 2013-லிருந்து அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வருகிறது, கேட்கும் திறனையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை லீவு போட விடாதீர்கள். பின்னாலிருந்து மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று நீங்களும் வீட்டில் பார்க்கலாம்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பவர்களுக்கு: பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 2023-லிருந்து அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள், சின்னவர்களுக்கு ‘நுழை’ மிகப் பொருத்தம். அக்காவோ அண்ணனோ அந்தப் பள்ளியில் படித்தால் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளம் 2015-ல் தொடங்கியது, தமிழில் ஏராளமான படக்கதைகள் இலவசம். அவற்றை நமக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக்கொள்ளவும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். நான் சிலவற்றைச் சேலத்துப் பேச்சில் எழுதி அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக, போனில் கதை போட்டுவிட்டால் போதாதா என்று தறிக்குப் போகிற ஒரு அம்மா கேட்டார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். இரண்டு ஷிஃப்ட் வேலை, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பு. ஆனால் போன் ‘ம்’முக்குக் காத்திருக்காது, பிள்ளை எங்கே போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாத நாளில் போடுங்கள், நீங்கள் சமைத்துக்கொண்டே ‘ம்’ கொட்டுங்கள், பிள்ளை கேள்வி கேட்டால் நிறுத்துவதற்குச் சொல்லிக்கொடுங்கள். மற்ற நாளில் படப் புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்து உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள், எழுத்து தெரிய வேண்டியதில்லை. கதை தப்பாகப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அந்த அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார், புத்தகத்தில் உள்ள கதையைவிட அவர் சொல்கிற கதை நீளம் என்று மகள் வந்து சொல்கிறாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திண்ணையில் இருப்போம். 3 வயதிலிருந்து 6 வயது வரை யாரும் வரலாம், அம்மா அப்பாவும் கூட உட்காரலாம், போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.